ஓலை மட்டை வைத்திருந்தேனே

பால் கேனின் மூடி கிலுகிலுக்கும் சத்தம்தான் எனக்கு அலாரம். ஆசிரியர் வேலையிலிருந்து ஓய்வுபெற்ற பிறகு மணி வைத்து எழுவதை விட்டுவிட்டேன். விடிகாலை ஐந்து மணிக்கு எங்கள் சந்தில் பால்காரத் தம்பியின் மொபெட் வரும். அந்தச் சத்தத்தில் கண் விழித்து, அது தெருமுனை திரும்புவதற்குள் எழுந்து உட்கார்ந்துவிடுவேன். 2018 மார்ச் மாதம் ஒரு நாள் அந்தச் சத்தம் வழக்கம்போல் வந்தது, பாதியில் நின்றது. அடுத்து ஒரு கேன் தரையில் உருண்டு போகும் ஓசை. அதன் பிறகுதான் "அம்மா" என்ற குரல் கேட்டது.

டார்ச்சை எடுத்துக்கொண்டு ஓடினேன். முந்தைய நாள் நான் ஆள் வைத்து வெட்டிய குழாய்க் குழியில் மொபெட்டின் முன் சக்கரம் இறங்கி நின்றது. பால் முழுவதும் குழிக்குள் ஓடிக்கொண்டிருந்தது. புதிதாக வெட்டிய செம்மண் அதைக் குடித்துக்கொண்டே இருந்தது; குழியின் ஓரத்தில் நுரை மட்டும் வெள்ளையாக ஒட்டி நின்றது. அவருடைய வலது கால், முழங்காலுக்குக் கீழே திரும்பியிருந்த விதத்தைப் பார்த்ததும் எலும்பு முறிந்துவிட்டது என்று தெரிந்துவிட்டது.

அப்போது என் வாயிலிருந்து வந்த முதல் வார்த்தை: "இங்கே ஓலை மட்டை வைத்திருந்தேனே!"

ஒரு மனிதர் கால் முறிந்து கிடக்கும்போது நான் அதைத்தான் சொன்னேன். தண்ணீர் வேண்டுமா என்று கேட்கவில்லை, பக்கத்து வீட்டாரைக் கூப்பிடவில்லை. என் பக்கம் தப்பில்லை என்பதை முதலில் பதிவு செய்துவிட்டேன். அந்த வாக்கியத்தைப் பற்றி யோசித்து யோசித்து நான் தெரிந்துகொண்டவற்றை எழுத வேண்டும் என்று பல நாளாக நினைத்திருக்கிறேன்.

எங்கள் ஊர் பாலக்காடு மாவட்டம் சித்தூர் தாலுக்காவில், கொழிஞ்சாம்பாறைப் பக்கம். கிழக்கே கொஞ்ச தூரம் போனால் தமிழ்நாட்டு எல்லை. துணி எடுக்கப் பொள்ளாச்சி, பெரிய வைத்தியத்துக்குக் கோயம்புத்தூர், கோர்ட்டு காரியத்துக்குச் சித்தூர் என்று எங்கள் வாழ்க்கை எல்லைக்கு இரு பக்கமும் ஓடும். வீட்டில் தமிழ், அலுவலகத்தில் மலையாளம். கேரளம் என்றவுடன் மழை என்று நினைப்பவர்கள் இந்தப் பக்கம் வந்து பார்க்க வேண்டும்; கோடையில் குடிதண்ணீருக்கே நாங்கள் போர்க்குழாயை நம்பியிருக்கிறோம். என் தென்னந்தோப்பில் இருந்த போரிலிருந்து, சந்தின் குறுக்கே வீட்டுத் தொட்டிக்குக் குழாய் கொண்டுவர வேண்டியிருந்தது. அதற்காகத்தான் அந்தக் குழி. அகலம் ஓரடி, ஆழம் ஒன்றரை அடி இருக்கும்.

அன்று மாலைக்குள் வேலை முடிந்திருக்க வேண்டும். குழாய் திரும்பும் இடத்தில் மாட்டும் எல்போ ஒன்று குறைந்துபோனது. கடை மூடிவிட்டது. "காலையில் வந்து மூடிவிடுகிறேன் டீச்சரம்மா" என்று வேலைக்காரர் கிளம்பினார். "ஏதாவது அடையாளம் வைத்துவிட்டுப் போங்கள்" என்று நான்தான் சொன்னேன். காய்ந்த தென்னை மட்டை ஒன்றை எடுத்துக் குழியின் குறுக்கே போட்டார். வாசலிலிருந்து பார்த்துவிட்டு உள்ளே போனேன். இரவில் அந்த மட்டையை யாரோ அடுப்பெரிக்க எடுத்துப்போனார்களா, நாய் இழுத்ததா, காற்றில் நகர்ந்ததா, இன்றுவரை தெரியாது. பாலக்காட்டுக் கணவாயின் காற்றுக்கு ஒரு காய்ந்த மட்டை எம்மாத்திரம் என்று இந்த ஊரில் பிறந்த எனக்குத் தெரியாதா? தெரியும். அன்று நினைக்கவில்லை.

ஆட்டோ பிடித்துப் பாலக்காட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம், அங்கிருந்து கோயம்புத்தூர். எலும்பில் பிளேட் வைத்து அறுவை சிகிச்சை. உறவினர்கள் என்னைத் தனியாக அழைத்து, "நீ ஆஸ்பத்திரிப் பக்கம் போகாதே. போனால் தப்பை ஒப்புக்கொண்டதாகிவிடும். ஒரு வார்த்தை மன்னிப்புக் கேட்டாலும் கேஸில் மாட்டிக்கொள்வாய்" என்று எச்சரித்தார்கள். இரண்டு நாள் போகவில்லை. அந்த இரண்டு நாளைப் பற்றி எனக்கு இன்றும் வெட்கம் உண்டு.

மூன்றாம் நாள் போனேன். அவருடைய அம்மா கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருந்தார். நான் பேசத் தொடங்குவதற்கு முன்பே, "நீங்கள் வேண்டுமென்றா செய்தீர்கள் டீச்சரம்மா? எங்கள் நேரம் சரியில்லை, வேறென்ன" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். அந்த நொடியில் எனக்குக் கிடைத்த ஆறுதலை எந்த வார்த்தையில் சொல்ல! தாயே சொல்லிவிட்டார், நான் வேண்டுமென்று செய்யவில்லை, இது விதி. பாரம் இறங்கியதுபோல் வீடு திரும்பினேன்.

மறுவாரம் போலீஸ் ஸ்டேஷனிலிருந்து அழைப்பு வந்தது. பால்காரத் தம்பியின் மச்சான் புகார் கொடுத்திருந்தார். முதல் தகவல் அறிக்கையைப் போலீஸ்காரர் ஒருவர் படித்துக் காட்டினார். மலையாளத்தில் இந்த வகை வழக்குகளுக்கென்றே வார்த்து வைத்த ஒரு வாக்கியம் உண்டு: "மனுஷ்யஜீவனு அபகடம் வரத்தக்கவிதம் அஸ்ரத்தமாயும் உதாசீனமாயும்." மனித உயிருக்கு ஆபத்து வரும் விதத்தில், கவனமில்லாமலும் உதாசீனமாகவும் நடந்துகொண்டேன் என்று பொருள். கவனமில்லாமல் என்பதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். உதாசீனம் என்ற சொல் காதில் விழுந்ததும் எனக்கு உடம்பு நடுங்கியது. இருபத்தொன்பது ஆண்டுகள் தமிழ் மீடியம் பள்ளியில் தமிழ் சொல்லிக்கொடுத்தவள் நான். தமிழில் ஒருவரை உதாசீனப்படுத்துவது என்றால் மதிக்காமல் தூக்கியெறிவது. ஐந்து மணிக்கு யாருடைய சத்தத்தில் நான் எழுகிறேனோ, அவரையா நான் உதாசீனப்படுத்தினேன்? "இந்தச் சொல்லை எடுங்கள், நான் கையெழுத்துப் போட மாட்டேன்" என்று சத்தம் போட்டேன். அந்தப் போலீஸ்காரர் பொறுமையான மனிதர். "டீச்சரே, இது எல்லாக் கேஸிலும் எழுதுவதுதான்" என்றார். அது எனக்கு இன்னும் கோபத்தை உண்டாக்கியது.

சொற்களைத் தேடிப் பார்ப்பது என் பழக்கம். அன்றிரவு உட்கார்ந்து பார்த்தேன். உதாசீனன் என்பதன் மூலப் பொருள் விலகி உட்கார்ந்திருப்பவன், எந்தப் பக்கமும் சேராதவன். நாம் அதை அவமதிப்பாக்கிக்கொண்டோம். மலையாளம் அதை அக்கறையின்மை என்ற அளவில் நிறுத்திக்கொண்டது. அலட்சியம் என்ற சொல்லும் இப்படித்தான் எல்லையில் உருமாறுகிறது. மலையாளத்தில் 'கோடதியலக்ஷ்யம்' என்றால் நீதிமன்ற அவமதிப்பு. தமிழில் அலட்சியமாக வண்டி ஓட்டினான் என்கிறோம், அலட்சியமாகப் பார்த்தான் என்றும் சொல்கிறோம். முதலாவதில் கவனம் இல்லை, இரண்டாவதில் மரியாதை இல்லை. சிரத்தை என்ற சொல்லைத் தமிழில் சிரத்தையாகப் படிக்கிறான் என்று ஈடுபாட்டுக்குச் சொல்கிறோம். மலையாளச் சாலைப் பலகைகளில் 'சிரத்திக்குக' என்று எழுதியிருந்தால் கவனித்துப் போ என்று பொருள். தமிழ்நாட்டுப் போலீஸ் எழுதும் அஜாக்கிரதை என்பது விழிப்பில்லாமை. அந்தச் சொல் என்னைக் குத்தியது. அவர் விழுந்தபோது நான் தூங்கிக்கொண்டுதான் இருந்தேன்.

இந்தச் சொற்கள் எல்லாமே ஒருவருடைய மனத்தைப் பற்றிப் பேசுகின்றன. அதனால்தான் "நீ அலட்சியமாக இருந்தாய்" என்றால் நாம் உடனே "நான் அப்படிப்பட்டவள் இல்லை" என்று பதில் சொல்கிறோம். குழியைப் பற்றிய பேச்சு குணத்தைப் பற்றிய சண்டையாக மாறிவிடுகிறது.

சித்தூரில் வக்கீலாக இருப்பவர் என் பழைய மாணவி. ஏழாம் வகுப்பில் முன் பெஞ்சில் உட்கார்ந்தவள், இப்போது கருப்புக் கோட்டில். நான் ஓலை மட்டையிலிருந்து தொடங்கி எல்லாவற்றையும் ஒப்பித்தேன். கேட்டு முடித்துவிட்டு அவர் சொன்னது: "டீச்சர், நீங்கள் நல்லவரா, வேண்டுமென்று செய்தீர்களா என்று சட்டம் இங்கே கேட்கவே இல்லை. உங்கள் நிலையில் இருக்கும் நிதானமான ஒருவர் என்ன செய்திருப்பாரோ, அதை நீங்கள் செய்தீர்களா என்பது மட்டும்தான் கேள்வி."

அதை மூன்றாகப் பிரித்துக் கேட்டார். அவர்மேல் கவனம் காட்ட வேண்டிய கடமை உங்களுக்கு இருந்ததா? காட்ட வேண்டிய அளவுக்குக் காட்டினீர்களா? காட்டாததால்தான் அவருக்குக் கேடு வந்ததா?

முதல் கேள்விக்கு நான் தயங்கினேன். பொதுவழியில் போகிற எல்லாருக்கும் நான் பொறுப்பா? பிரிட்டனின் உச்ச நீதிமன்றமாக அன்று இருந்த பிரபுக்கள் சபை 1932-இல் தீர்ப்புச் சொன்ன ஒரு வழக்கை அவர் சொன்னார். ஸ்காட்லாந்தில் பெய்ஸ்லி என்ற ஊரில், 1928 ஆகஸ்டில், மே டோனகு என்ற பெண் ஓர் உணவகத்தில் ஜிஞ்சர் பீர் குடிக்கிறார். அதை வாங்கிக்கொடுத்தது அவருடைய தோழி. உள்ளே இருப்பது தெரியாத, நிறம் போட்ட பாட்டில். மிச்சத்தை ஊற்றும்போது அழுகிய நத்தை விழுந்தது என்றும் அதனால் தன் உடல்நலம் கெட்டது என்றும் வழக்குப் போட்டார். வாங்கியவர் தோழி என்பதால் டோனகுவுக்கும் பானம் தயாரித்தவருக்கும் எந்த ஒப்பந்தமும் இல்லை. அப்படியிருந்தும் தயாரித்தவருக்குக் கடமை உண்டு என்று அந்தச் சபை சொன்னது. நீதிபதிகளில் ஒருவரான அட்கின் பிரபு அதில் ஒரு கேள்வி கேட்டுப் பதிலும் சொன்னார். சட்டத்தின் கண்ணில் என் அண்டை அயலார் யார்? என் செயலால் நேரடியாகப் பாதிக்கப்படக்கூடியவர், அந்தச் செயலைச் செய்யும்போதே நான் மனத்தில் வைத்திருக்க வேண்டியவர்.

"உங்கள் சந்தில் விடிகாலையில் யார் வருவார் என்று உங்களுக்குத் தெரியுமா டீச்சர்?" என்று அவர் கேட்டபோது எனக்குத் தொண்டை அடைத்தது. தெரியும். எத்தனை மணிக்கு வருவார் என்பதும் தெரியும். அவர் வராவிட்டால் எனக்குப் பொழுதே விடியாது. ஆனாலும் முந்தைய மாலை அந்தக் குழியைப் பார்த்துவிட்டு உள்ளே போனபோது அவர் என் நினைவில் வரவில்லை.

இரண்டாம் கேள்விக்கு நான் மட்டையைப் பிடித்துக்கொண்டேன். அடையாளம் வைத்தேன் அல்லவா? அதற்கும் அவரிடம் ஒரு வழக்கு இருந்தது. லண்டனில் மின்சார நிறுவனம் ஒன்றின் ஆட்கள் நடைபாதையில் குழி வெட்டினார்கள். யாரும் விழாமலிருக்க, மண்ணை இடித்து இறுக்கும், நீளக் கைப்பிடி கொண்ட ஒரு திமிசுக் கட்டையைக் குறுக்கே சாய்த்து வைத்தார்கள். பார்வையற்ற ஹேலி என்பவர் கைத்தடியோடு வழக்கமாகப் போகும் வழியில் வந்தார். தடிக்கு அந்தக் கட்டை அகப்படவில்லை. இடறி விழுந்தவருக்குக் காது கேட்கும் சக்தி ஏறக்குறைய முழுவதும் போனது. கண் தெரிந்தவர்களுக்கு அந்த ஏற்பாடு போதும் என்பது நிறுவனத்தின் வாதம். நகர நடைபாதையில் பார்வையற்றவர்களும் தனியாக நடப்பார்கள் என்பது எல்லாருக்கும் தெரிந்ததுதானே என்று 1964-இல் பிரபுக்கள் சபை நிறுவனத்துக்கு எதிராகத் தீர்ப்பளித்தது.

என்னுடைய மட்டையை அந்தத் திமிசுக் கட்டைக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். பகலில் பார்ப்பவருக்கு அது அடையாளம். இருட்டில் வருபவருக்கு அது ஒன்றுமே இல்லை. நகராமல் அங்கேயே கிடந்திருந்தாலும் அவருடைய சக்கரம் அதன்மேல் ஏறித்தான் இறங்கியிருக்கும். நான் அடையாளம் வைத்தது யாருக்காக என்று அப்போதுதான் புரிந்தது. என் மனநிம்மதிக்காக வைத்திருக்கிறேன்.

நடக்கக்கூடிய எல்லாவற்றுக்கும் பொறுப்பேற்கச் சட்டம் சொல்லவில்லை என்பதையும் அவர் மறக்காமல் சொன்னார். கவனக்குறைவு என்றால் என்ன என்பதற்குச் சட்ட மாணவர்கள் மனப்பாடம் செய்யும் இலக்கணம் 1856-ஆம் ஆண்டுத் தீர்ப்பு ஒன்றில் வருகிறது: நிதானமுள்ள மனிதர் செய்யக்கூடியதைச் செய்யாமல் விடுவது, செய்யாமல் விடக்கூடியதைச் செய்வது. அதுவும் ஒரு தண்ணீர்க் குழாய் வழக்குதான். பர்மிங்காமில் வழக்கத்துக்கு மீறிய கடுங்குளிரில் குழாயின் அடைப்பு விட்டுக்கொண்டு பிளைத் என்பவரின் வீட்டுக்குள் தண்ணீர் புகுந்தது. அப்படியொரு குளிரை யாரும் எதிர்பார்த்திருக்க முடியாது என்று தண்ணீர் நிறுவனம் விடுவிக்கப்பட்டது. எங்கள் சந்தில் இரவு வந்ததும் காற்று வீசியதும் பால்காரர் வந்ததும் எதிர்பாராதவையா?

நான் அடுத்தடுத்து எடுத்துப்போட்ட சமாதானங்களும் ஒவ்வொன்றாக விழுந்தன. வெட்டியது வேலைக்காரர் என்றேன். பொதுவழியைத் தோண்டுவது போன்ற ஆபத்தான வேலையை ஆள் வைத்துச் செய்தாலும் செய்யச் சொன்னவர் கை கழுவ முடியாது என்றார். பஞ்சாயத்தில் அனுமதி வாங்கினீர்களா என்றும் கேட்டார். வாங்கவில்லை. ஓர் இரவு வேலைக்கு யார் வாங்குவார்கள் என்று நினைத்திருந்தேன். கடைசியாக, தம்பியின் ஹெட்லைட்டை மறைத்துக்கொண்டு ஒரு பை தொங்கியதைச் சொன்னேன். அதை நான் பத்திரமாகச் சேர்த்து வைத்திருந்தேன் என்பதே உண்மை. அது கணக்கில் வரும் என்றார் வக்கீல். பாதிக்கப்பட்டவர் பக்கத்திலும் கவனக்குறைவு இருந்தால், இழப்பீட்டில் அவருடைய பங்குக்கு உரிய அளவை நீதிமன்றம் குறைக்கும். அதனால் உங்கள் பங்கு இல்லாமல் போய்விடாது என்று உடனே சேர்த்துக்கொண்டார்.

ஊரில் பேசும் பேச்சில் இரண்டு பெட்டிகள்தான் இருக்கின்றன. ஒன்று, வேண்டுமென்றே செய்தது. மற்றொன்று, விதி, நேரம், கண்ணேறு. அந்த அம்மா என்னை முதல் பெட்டியில் போட மனமில்லாமல் இரண்டாவதில் போட்டார். அவருடைய பெருந்தன்மை அது. நான் அதில் ஒளிந்துகொண்டேன். இந்த இரண்டுக்கும் நடுவில்தான் கவனக்குறைவு இருக்கிறது. கெட்ட எண்ணம் இல்லாமலேயே நம்மால் வரும் கேடு. சட்டம் அதற்கு ஓர் இடம் ஒதுக்கி வைத்திருப்பதால்தான், பழியில்லாமல் பொறுப்பைப் பற்றி மட்டும் பேச முடிகிறது. அது தெரிந்த பிறகு அறிக்கையில் இருந்த உதாசீனம் என்ற சொல்லோடு எனக்குச் சண்டை இல்லாமல் போனது.

குற்ற வழக்குக்கும் இழப்பீட்டு வழக்குக்கும் உள்ள வேறுபாட்டையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் பலர் இரண்டையும் குழப்பிக்கொள்கிறார்கள். இழப்பீடு கேட்கச் சாதாரணக் கவனக்குறைவே போதும். குற்றம் என்று தண்டிக்க வேண்டுமானால் அது மிகவும் மோசமான அளவில் இருக்க வேண்டும். மருத்துவர்கள் தொடர்பாக உச்ச நீதிமன்றம் 2005-இல் ஜேக்கப் மேத்யூ வழக்கில் இதை விளக்கியது. மூச்சுத் திணறிய நோயாளிக்குக் கொண்டுவந்த ஆக்சிஜன் சிலிண்டர் காலியாக இருந்தது, அவர் இறந்துபோனார். மருத்துவமனை இழப்பீட்டுக்குப் பொறுப்பாகலாம், ஆனால் அதற்காக அந்த மருத்துவர்மேல் குற்ற வழக்கு நடத்த முடியாது என்றது நீதிமன்றம். மறுபுறம், சில ஆபத்தான பொருள்களைக் கையாள்பவர்கள் கவனக்குறைவே இல்லை என்று காட்டினாலும் தப்ப முடியாது. 1997 ஆகஸ்டில் மத்தியப் பிரதேசத்தில் இரவு சைக்கிளில் வந்தவர், மழைத் தண்ணீரில் அறுந்து கிடந்த மின்கம்பியில் பட்டு இறந்தார். யாரோ திருட்டுத்தனமாகக் கொக்கி போட்டதால் வந்த வினை என்று மின்வாரியம் சொன்னதை உச்ச நீதிமன்றம் 2002-இல் ஏற்கவில்லை. தோப்பில் மோட்டார் வைத்திருக்கும் ஒவ்வொருவரும் இதைத் தெரிந்துகொள்வது நல்லது.

என் மேல் இருந்த பிரிவுகள், அன்றைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 338-உம் 283-உம். முதலாவது, கவனக்குறைவால் கொடுங்காயம் ஏற்படுத்துவது. எலும்பு முறிந்தாலே சட்டத்தில் அது கொடுங்காயம். இரண்டாவது, பொதுவழியில் ஆபத்தோ இடையூறோ உண்டாக்குவது. 2024 ஜூலை 1 முதல் அந்தச் சட்டத்துக்குப் பதிலாகப் பாரதிய நியாய சன்ஹிதா வந்துவிட்டதால் இப்போது இவை 125, 285 ஆகிய பிரிவுகளில் வருகின்றன. கொடுங்காயத்துக்கு உச்சபட்சத் தண்டனை இரண்டு ஆண்டிலிருந்து மூன்று ஆண்டாகவும், அபராதம் 1,000 ரூபாயிலிருந்து 10,000 ஆகவும் உயர்ந்திருக்கின்றன. வழியில் இடையூறு செய்வதற்கு அன்று 200 ரூபாய்தான் உச்சபட்ச அபராதம், இன்று 5,000.

நானும் வக்கீலும் தம்பியின் வீட்டுக்குப் போனோம். அவருடைய மனைவி சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்துவிட்டுக் கதவோரம் நின்றார். "உட்கார் கண்ணு" என்றேன், உட்காரவில்லை. நான் தம்பியைப் பார்த்து, "தப்பு என்னுடையது தம்பி. இருட்டில் வருகிறவருக்குத் தெரியும்படி நான் எதுவும் வைக்கவில்லை" என்றேன். மட்டையைப் பற்றிப் பேசவில்லை. அவர் வெகுநேரம் கட்டுப் போட்ட காலையே பார்த்துக்கொண்டிருந்தார். "முதல் நாளே இதைச் சொல்லியிருந்தால் மச்சான் ஸ்டேஷனுக்குப் போயிருக்க மாட்டாருங்க" என்றார்.

மச்சானுக்குக் கோபம் வந்ததற்கு மற்றொரு காரணமும் அன்றுதான் தெரிந்தது. விபத்து நடந்த காலை எட்டு மணிக்கே வேலைக்காரரைக் கூப்பிட்டுக் குழியை மூடிவிட்டேன். இன்னொருவர் விழக்கூடாது என்ற பதற்றம் எனக்கு. தடயத்தை அழித்துவிட்டார்கள் என்று பட்டது அவருக்கு. அவர் இடத்தில் நான் இருந்தாலும் அப்படித்தான் நினைத்திருப்பேன். மூடத்தான் வேண்டும், மூடுவதற்கு முன், பக்கத்தில் ஒரு செருப்பையோ அளவுகோலையோ வைத்து அகலமும் ஆழமும் தெரியப் படம் எடுத்திருக்க வேண்டும். அது இரு தரப்புக்கும் பாதுகாப்பு.

அவர்கள் பக்கத்திலும் ஒரு பிழை நடந்திருந்தது. போலீஸ், கேஸ் என்று அலைய வேண்டாமே என்று, முதலில் போன ஆஸ்பத்திரியில் "வண்டி சறுக்கி விழுந்துவிட்டார்" என்று மச்சான் சொல்லியிருக்கிறார். சீட்டில் அப்படியே எழுதிவிட்டார்கள். நான் ஒப்புக்கொண்டதால் அது பிரச்சினையாகவில்லை. மறுத்திருந்தால் அந்த ஒரு வரி அவர்கள் வழக்கையே கவிழ்த்திருக்கும். யார் விழுந்தாலும், எப்படி விழுந்தார் என்பதை அவசரப் பிரிவிலேயே உள்ளபடி சொல்லிவிடுங்கள். புகார் கொடுத்தால் எழுதியதைப் படித்துக் காட்டச் சொல்லிக் கேளுங்கள். முதல் தகவல் அறிக்கையின் நகலைப் புகார்தாரருக்கு இலவசமாகக் கொடுக்க வேண்டும் என்பது சட்டம். மலையாளம் படிக்கத் தெரியாத நம்மவர்கள் கூச்சப்பட வேண்டியதில்லை. கேரளத்தின் 1969-ஆம் ஆண்டு ஆட்சிமொழிச் சட்டத்திலேயே தமிழ்ச் சிறுபான்மையினர் அரசு அலுவலகங்களுக்குத் தமிழில் எழுத இடம் இருக்கிறது.

நாலரை மாதம் அவரால் வண்டி எடுக்க முடியவில்லை. சிகிச்சைச் செலவும் அந்த மாதங்களின் வருமானமும் சேர்த்து 1,70,000 ரூபாய் என்று கணக்குப் போட்டோம். ஹெட்லைட்டை மறைத்த பைக்காகக் கொஞ்சம் குறைக்கலாம் என்று வக்கீல் கேட்டார், வேண்டாம் என்றேன். தென்னைக் குத்தகைப் பணத்திலிருந்து மூன்று தவணையாகக் கொடுத்தேன். ஒவ்வொரு தவணைக்கும் எழுதிக் கையெழுத்து வாங்கினேன். நம்பிக்கை இல்லாததால் வாங்கவில்லை. எங்கள் இருவர் பிள்ளைகளும் நாளைக்கு இதை வைத்துச் சண்டை போட்டுக்கொள்ளக் கூடாது என்பதற்காக.

338-ஆம் பிரிவில் காயம்பட்டவர் சம்மதித்து, நீதிமன்றமும் அனுமதித்தால் சமரசம் செய்துகொள்ளலாம். அது விடுதலைக்குச் சமம். 2019-இல் அப்படி முடிந்தது. 283-இல் அந்த வழி கிடையாது. கூண்டில் நின்று குற்றத்தை ஒப்புக்கொண்டு 200 ரூபாய் அபராதம் கட்டினேன். ரசீதைப் பீரோவில் வைத்திருக்கிறேன். அதைப் பார்த்த என் மகன், "இதை எதற்கம்மா வைத்திருக்கிறீர்கள்?" என்று கேட்டான். நிலப் பத்திரத்தோடு சேர்த்துத்தான் அது இருக்கிறது, இருக்கட்டும் என்று சொல்லிவிட்டேன்.

போன மாதம் அதே குழாயில் கசிவு. மறுபடியும் சந்தில் தோண்ட வேண்டியிருந்தது. பஞ்சாயத்தில் அனுமதி வாங்க இரண்டு முறை போய்வந்தேன். மாலைக்குள் வேலை முடியாது என்று தெரிந்ததும் குழியின் மேல் வண்டி போகும் அகலத்துக்குப் பலகை போட்டு, இரு பக்கமும் மண் நிரப்பிய டிரம் நிறுத்தி, கயிறு கட்டி, பேட்டரியில் எரியும் சிவப்பு விளக்கு ஒன்றைத் தொங்கவிட்டேன். அப்படியும் தூக்கம் வரவில்லை. நாலரை மணிக்கே டார்ச்சோடு வாசலில் போய் நின்றேன்.

ஐந்து மணிக்கு மூடி கிலுகிலுக்கும் சத்தம் வந்தது. விளக்கைக் கண்டதும் தூரத்திலேயே வேகம் குறைந்தது. டிரம்முக்குப் பக்கத்தில் வண்டியை நிறுத்தி, வலது காலைப் பலகையின் மேல் ஊன்றி ஒரு முறை அழுத்திப் பார்த்தார்.

"இந்த ஓரம் ஆடுகிறதுங்க டீச்சரம்மா" என்றார். "அடியில் ஒரு கல் வைக்க வேண்டும். நீங்கள் டார்ச்சைப் பிடியுங்கள், நான் வைக்கிறேன்."